கெட்டுப்போன உடம்போடு ரிங்குக்குத் திரும்பும் ஹெவிவெயிட் வீரருக்கு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

இரண்டு வருடமோ ஐந்து வருடமோ குத்துச்சண்டை கிளவுஸைத் தொடவே இல்லை. இடையில் குடி, கண்ட நேரத்தில் சாப்பாடு, விடிய விடிய விழிப்பு, யாரிடமும் பேசப் பிடிக்காத மனநிலை. எடை முப்பது நாற்பது கிலோ ஏறிவிட்டது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆனாலும் டிவியில் ஒரு நல்ல ஹெவிவெயிட் சண்டை ஓடினால் உட்கார்ந்தபடியே இடது தோள் தானாக அசைகிறது, "அந்த இடத்தில் ஜாபுக்குப் பின்னாலேயே வலது கையைப் போட்டிருக்கலாமே" என்று மனசு கணக்குப் போடுகிறது (ஜாப் என்றால் முன்னால் இருக்கிற கையை நேராக நீட்டிப் போடும் குத்து). அந்த ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தயார்படுத்தப் போகிற கோச்சும் வீட்டில் இருப்பவர்களும் கூடவே படித்தால் நல்லது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தொடங்குகிற இடமே தப்பு. தராசில் தொடங்குகிறார்கள். எடை குறைந்தால் பழைய ஆள் திரும்பிவிட்டான் என்று நம்புகிறார்கள். 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸை எதிர்த்து இறங்கிய முகம்மது அலியை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடமாகச் சண்டையே இல்லை, வயது 38. எடையை மளமளவென்று இறக்கி 217 பவுண்டுக்கு, அதாவது சுமார் 98 கிலோவுக்குக் கொண்டுவந்தார். பார்க்க பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். அதற்கு முன்னால் தைராய்டு மருந்து வேறு எடுத்திருந்தார். அந்த மருந்து அளவு மீறினால் கொழுப்போடு தசையையும் கரைக்கும், இதயத்தைப் படபடக்க வைக்கும், உடம்பு சூட்டைத் தாங்க முடியாமல் செய்துவிடும். மணி அடித்ததும் தெரிந்துவிட்டது, அந்த அழகான உடம்புக்குள் எதுவுமே இல்லை. 10 ரவுண்டு வாங்கிக்கொண்டே இருந்தார், அதற்கு மேல் அவருடைய கார்னரே, அதாவது ரிங் ஓரத்தில் நிற்கும் அவருடைய ஆட்களே, நிறுத்திவிட்டார்கள். இன்னும் பின்னால் போனால் ஜிம் ஜெஃப்ரிஸ். ஆறு வருடம் சண்டையில்லாமல் இருந்துவிட்டு 100 பவுண்டு எடையைக் குறைத்து, 1910 ஜூலை 4 அன்று ரினோவில் ஜாக் ஜான்சனை எதிர்த்து வந்தார், இடையில் ஒரு சின்ன முன்னோட்டச் சண்டைகூட இல்லை. 15ஆவது ரவுண்டில் கதை முடிந்தது.

இவர்கள் இருவரும் கடைசியில் வர வேண்டியதை முதலில் கொண்டுவந்தார்கள். சரியான வரிசை என்று நான் நம்புவது இதுதான்: முதலில் மனசும் பழக்கமும், அப்புறம் டாக்டர், அப்புறம் கால், அப்புறம் கை, அப்புறம் மூச்சு, ஸ்பாரிங் (ஜிம்மில் இன்னொருவரோடு போடும் பயிற்சிச் சண்டை) எல்லாவற்றுக்கும் பிறகு. எடை இந்த வரிசையில் கூடவே நடந்து வரும், அதற்கென்று தனியாக ஒரு படி தேவையில்லை.

படி 1: குடியும் மனசும்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக ஜிம்முக்குப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. வியர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பு. பிரிட்டிஷ் ஹெவிவெயிட் டைசன் ஃப்யூரியின் கதை ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதில் முக்கியமான பகுதி எது என்று யோசித்தவர்கள் குறைவு. 2015 நவம்பர் 28 அன்று டுசெல்டார்ஃபில் விளாடிமிர் கிளிட்ச்கோவை வென்று உலக சாம்பியன் ஆனார். வென்ற பிறகுதான் சரிந்தார். மன அழுத்தம், குடி, கொக்கைன், 2016 அக்டோபரில் சண்டை போடும் லைசென்ஸும் போனது. எடை 400 பவுண்டு வரை, அதாவது 180 கிலோ வரை போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் திரும்பத் தொடங்கிய கணம் என்று அவர் சொல்வது டிரெட்மில்லில் ஏறிய நாளை இல்லை. 2017 ஹாலோவீன் இரவில் ஒரு விருந்திலிருந்து பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய், இருட்டில் தனியாக மண்டியிட்டு அழுது பிரார்த்தித்த இரவைச் சொல்கிறார். ஓட்டமும் டயட்டும் அதற்குப் பிறகுதான். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்ததைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார்.

அதனால் முதல் வேலை, உங்கள் நிலைமையை முழுசாகத் தெரிந்த மூன்று பேரை வைத்துக்கொள்வது. ஒரு டாக்டர், மனநலம் பார்க்கிற ஒருவர், தினமும் உங்களை நேரில் பார்க்கிற வீட்டு ஆள் ஒருவர். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வருகிறதென்றால் பயிற்சியைப் பற்றிய பேச்சே வேண்டாம், இன்றைக்கே அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், உதவி கேளுங்கள். ரிங் எங்கேயும் ஓடிவிடாது.

தினமும் அதிகமாகக் குடித்தவராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வைராக்கியத்தில் ஒரே நாளில் மொத்தமாக நிறுத்தாதீர்கள். நிறுத்தி ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் நினைவு குழம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்தோடு நிறுத்தினால் அது பத்திரமாக முடிகிற விஷயம். இரும்பு மாதிரி ஆள், எனக்கு ஒன்றும் ஆகாது என்ற பேச்சு இங்கே எடுபடாது.

படி 2: டாக்டர் பார்க்காமல் ஒரு ரவுண்டு ஷேடோகூட (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) வேண்டாம்

பஸ்டர் டக்ளஸை நினைவிருக்கும். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசனைச் சாய்த்தவர். அதே வருடம் அக்டோபரில் எவாண்டர் ஹோலிஃபீல்டிடம் பட்டத்தை இழந்தார், அப்புறம் சண்டையையே விட்டுவிட்டார். குடியும் சாப்பாடுமாக எடை 400 பவுண்டை நெருங்கியது. 1994இல் சர்க்கரை ஏறி கோமாவுக்கே போய்விட்டார். பிழைத்து எழுந்து 1996இல் மறுபடி ரிங் ஏறினார் என்பது என்னைப் பொறுத்தவரை அந்த டோக்கியோ இரவுக்குக் குறைந்த விஷயம் இல்லை. கோமா வரும்வரை தனக்குச் சர்க்கரை இருப்பதையே அறியாமல் நடமாடுகிறவர்கள் உண்டு, பெரிய உடம்பு அதை மறைத்துவிடும். அதனால் பரிசோதனையை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு, தைராய்டு. இதயத்துக்கு இசிஜி, எக்கோ, அப்புறம் டாக்டர் மேற்பார்வையில் டிரெட்மில் சோதனை. சத்தமாகக் குறட்டை விடுகிறவராக இருந்து, நடு ராத்திரியில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்களா? தூக்கப் பரிசோதனையும் செய்யுங்கள். கழுத்து பெருத்த ஹெவிவெயிட்டுகளுக்கு இது சாதாரணம், ஆனால் தூக்கம் சரியாகாமல் எந்தப் பயிற்சியும் உடம்பில் ஒட்டாது. மூளைக்கு எம்ஆர்ஐ, கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை. இவை இரண்டும் பழைய அடிகளின் கணக்கைச் சொல்லும். மூளையில் பழைய ரத்தக்கசிவின் தடயம் தெரிந்தால், விழித்திரை கிழிந்திருந்தால், வழி பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதை எட்டு மாதம் உழைத்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

படி 3: நடை

ஓட்டம் என்று எழுதவில்லை, கவனியுங்கள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உங்கள் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை காலில் இறங்குகிறது. 150 கிலோ ஆளுக்கு அது என்ன கணக்கு என்று போட்டுப் பாருங்கள். பழைய ஞாபகத்தில் முதல் வாரமே அதிகாலை ரோட்வொர்க் என்று சாலையில் ஓடப் போய் மூன்றாவது வாரத்தில் முழங்காலையோ கணுக்காலின் பின்பக்கத் தசைநாரையோ கெடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், மறுபடி சாப்பாடும் சோபாவும்தான்.

தசை சீக்கிரம் திரும்பிவிடும். உடம்புக்குப் பழைய வேலையின் ஞாபகம் இருக்கிறது, ஆறு எட்டு வாரத்திலேயே தோளும் முதுகும் விறைக்கத் தொடங்கும். தசையை எலும்போடு கட்டியிருக்கிற தசைநார் அப்படி இல்லை, அதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். இந்த இடைவெளியில்தான் பலர் அடிபடுகிறார்கள்: இழுக்கிற மோட்டாருக்கு வேகம் வந்துவிட்டது, கயிறு இன்னும் பழசு.

முதல் மூன்று மாதம் தினமும் நடை, நீச்சல் அல்லது சைக்கிள். பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம் போதும். வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சி, பாதி மனசோடு தூக்கக்கூடிய எடையில். முதல் நாளே பழைய கணக்கில் நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போடாதீர்கள். பழக்கம் விட்ட தசையைத் திடீரென்று வதைத்தால் அது உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். மறுநாள் சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால், தசை தொட முடியாமல் வீங்கினால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காத்திருந்து பார்க்கிற விஷயமில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ரகசியம் எதுவும் இல்லை. வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் இறக்காதீர்கள். நீங்கள் அடைய நினைக்கிற எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் புரதம், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால். குடித்துக்கொண்டிருந்த பானங்களை நிறுத்தினாலே முதல் பத்து கிலோ போய்விடும் பலருக்கு. அப்புறம், உங்கள் பிரிவுக்கு மேல்வரம்பே கிடையாது. தொழில்முறையில் பொதுவாக 200 பவுண்டு, அதாவது 90.7 கிலோ தாண்டினால் ஹெவிவெயிட், அவ்வளவுதான். எந்த எண்ணுக்கும் இறங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. மற்ற பிரிவு வீரர்களுக்குக் கிடைக்காத சலுகை இது, அதை ஏன் வீணாக்குகிறீர்கள்? ஜார்ஜ் ஃபோர்மன் சண்டையை விட்டுப் பத்து வருடம் கழித்து 1987 மார்ச்சில் திரும்பியபோது எடை 267 பவுண்டு, கிட்டத்தட்ட 121 கிலோ. 1994 நவம்பர் 5 அன்று 45 வயதில் மைக்கேல் மூரரை 10ஆவது ரவுண்டில் சாய்த்து மறுபடி உலக சாம்பியன் ஆனபோதும் 250 பவுண்டு இருந்தார். 1973இல் முதல்முறை சாம்பியன் ஆனபோது இருந்த உடம்பைத் தேடி அவர் போகவே இல்லை.

படி 4: கை

நான்காவது மாதம் வாக்கில் பேக்குக்கு, அதாவது தொங்கவிட்டுக் குத்திப் பழகும் கனமான பைக்கு, வரலாம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

முதல் நாள் கையில் கட்டுத்துணியைச் சுற்றும்போதே ஒன்று புரியும். நாலரை மீட்டர் துணி, முன்பு பேசிக்கொண்டே சுற்றியது, இப்போது கட்டைவிரலுக்கு வரும்போது கை தடுமாறுகிறது. விரல்களும் பெருத்திருக்கின்றன, பழைய மாதிரி இழுத்துக் கட்டினால் நுனி மரத்துப்போகிறது. அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள். மணிக்கட்டுக்கு மூன்று சுற்று கூடுதலாகவே கொடுங்கள். பேக் முன்னால் நின்று ஒரு ஜாப், ஒரே ஒரு ஜாப், பாதி வேகத்தில். கவனித்தால் தெரியும்: முஷ்டி இறுக வேண்டிய கணம் தவறிப் போயிருக்கிறது. கை பேக்கைத் தொட்ட பிறகுதான் விரல்கள் இறுகுகின்றன, அதற்குள் மணிக்கட்டு ஒரு பக்கம் மடிந்துவிடுகிறது. தோளின் பலம் பழையபடி இருக்கிறது, மணிக்கட்டு அதைத் தாங்கத் தயாராக இல்லை. இந்த நிலையில் முழு பலத்தில் வலது கையை விட்டால் எலும்பு முறிவதற்கு அதிக நேரம் ஆகாது.

அதனால் முதல் மூன்று வாரம் பேக்கில் ஜாப் மட்டும். நாலாவது வாரம் வலது கை, ஹூக் (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) அதற்குப் பிறகு. ரவுண்டு இரண்டு நிமிடத்தில் தொடங்கி மூன்றுக்குப் போகலாம். கண்ணாடி முன்னால் ஷேடோ தினமும் செய்யுங்கள், அதில் கையைவிடக் காலைப் பாருங்கள். எடை ஏறிய ஆள் குத்தும்போது முன்னங்காலில் சாய்ந்து நிற்பார், குத்தி முடித்ததும் பின்னால் வர அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில்தான் எதிராளியின் கவுன்டர், அதாவது பதில் குத்து, வந்து சேரும்.

உங்கள் பாணியையும் இப்போதே மாற்றி யோசியுங்கள். இளமையில் காலை நம்பி ஆடியவர் அதே ஆட்டத்தைத் தேடாதீர்கள். ஃபோர்மன் இரண்டாம் வரவில் அவசரப்படவே இல்லை. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து மறைத்து, மெதுவாக முன்னே நடந்து, அந்தக் கனத்த ஜாபை மட்டும் ஓயாமல் போட்டார். இளமை ஃபோர்மனைவிட அந்த ஃபோர்மன் நல்ல பாக்ஸர் என்பது என் எண்ணம், எத்தனை பேர் மறுத்தாலும்.

படி 5: மூச்சு

ஐந்து கிலோமீட்டர் ஓட முடிகிறது என்பதற்காக ஆறு ரவுண்டு நிற்க முடியும் என்று அர்த்தமில்லை. ரிங்கில் தம் போவது ஓடுவதால் மட்டும் இல்லை. பயம், தப்பிப்போன குத்துகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டிப்பிடி. 120 கிலோ ஆள் உங்கள் கழுத்தில் கையைப் போட்டு மொத்தமாகச் சாய்கிறார், நீங்கள் அவரைத் தாங்கிக்கொண்டே உள்கையை விடுவிக்க வேண்டும், ரெஃபரி பிரித்துவிட்டதும் உடனே குத்த வேண்டும். அமெரிக்க ஹெவிவெயிட் டியான்டே வைல்டருடனான இரண்டாவது சண்டையில் ஃப்யூரி இதைத்தான் ஆயுதமாக்கினார். 273 பவுண்டு எடையை வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டு வந்து சாய்ந்து சாய்ந்தே வைல்டரின் காலைக் களைக்க வைத்தார், ஏழாவது ரவுண்டில் முடித்தார்.

ஐந்தாம் ஆறாம் மாதங்களில் இதைத் தனியாகப் பழகுங்கள். ஒரு ரவுண்டில் முதல் ஒரு நிமிடம் பேக், அடுத்த முப்பது நொடி உங்கள் எடையுள்ள ஒருவரோடு கழுத்துப்பிடியில் தள்ளு, உடனே மறுபடி பேக். ரவுண்டு முடிந்து ஒரு நிமிட ஓய்வில் நாடித்துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு வாரம் அந்த இறக்கம் கூடுகிறது என்றால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். தராசைவிட இந்த எண்ணை நான் அதிகம் நம்புவேன்.

படி 6: ஸ்பாரிங்

ஏழாவது மாதத்துக்கு முன்னால் வேண்டாம். கோச் அவசரப்பட்டாலும் வேண்டாம். முதல் மாதம் உடம்புக்கு மட்டும் குத்து, தலைக்கு இல்லை. அப்புறம் ஜாப் மட்டும். அதற்கும் பிறகுதான் முழு ஸ்பாரிங், 16 அல்லது 18 அவுன்ஸ் கிளவுஸில், வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தலைக்கவசம் போட்டிருக்கிறேன் என்ற தைரியம் வேண்டாம். அது கிழிசலைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

இந்தக் கட்டத்தில் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற தாமதம் உங்களை வருத்தும். திறப்பு தெரிகிறது, குத்து கிளம்புகிறது, போய்ச் சேரும்போது அங்கே ஆள் இல்லை. இது ஸ்பாரிங் செய்யச் செய்யத்தான் சரியாகும், வேறு வழி கிடையாது. ஆனால் இரண்டு மாதம் ஆகியும் முன்பு தெரிந்து விலகிய குத்துகள் தெரியாமலே வந்து விழுகின்றன என்றால், லேசான குத்துக்கே கால் தள்ளாடுகிறது என்றால், தலைவலி மறுநாளும் நீடிக்கிறது என்றால், அதை மறைக்காதீர்கள். கோச்சும் மறைக்கக் கூடாது. இங்கே நிறுத்தினால் நீங்கள் சம்பாதித்த ஆரோக்கியமாவது உங்களோடு இருக்கும்.

படி 7: லைசென்ஸும் மருந்தும்

இதைப் பலர் கடைசி மாதத்தில் பார்க்கிறார்கள், தப்பு. ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் இருந்தபோது ஓய்வை அறிவித்தவர் என்றால், திரும்புவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே எழுத்தில் தெரிவித்துப் பரிசோதனைக்குக் கிடைக்கிறபடி இருக்க வேண்டும் என்பது உலக விதி. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தருகிற நீர் பிரியும் மாத்திரைகள் தடைப் பட்டியலில் உள்ளவை, இன்சுலினுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். எடை குறைக்கும் பொடி, கொழுப்பு கரைக்கும் காப்ஸ்யூல் என்று வருகிற எதையும் தொடாதீர்கள், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

படி 8: முதல் எதிராளி

பெயர் இருந்தவருக்கு இதுதான் பெரிய சோதனை, ஏனென்றால் பெரிய சண்டைக்குப் பெரிய பணம் முதலிலேயே வந்து நிற்கும். ஃப்யூரி என்ன செய்தார்? 2018 ஜூன் 9 அன்று மான்செஸ்டரில் செஃபர் செஃபெரி, தன்னைவிடச் சின்ன உடம்புக்காரர், நாலு ரவுண்டில் முடிந்தது. அன்று ஃப்யூரியின் எடை 276 பவுண்டு. ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் பியானெட்டா, பத்து ரவுண்டும் முழுசாக ஆடினார், எடை 258. அதற்குப் பிறகுதான் டிசம்பர் 1 அன்று வைல்டர். 12ஆவது ரவுண்டில் மல்லாந்து விழுந்தும் எழுந்து நின்று சண்டையை டிராவில் முடித்தார். செஃபெரி சண்டையைக் கேலி செய்தவர்கள் நிறைய. எனக்கு அது அவர் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம். ஃபோர்மன் இன்னும் பொறுமைசாலி, ஹோலிஃபீல்டிடம் போவதற்கு முன்னால் நாலு வருடத்தில் 24 சண்டை வென்றார்.

உங்களுக்கும் குறைந்தது இரண்டு, முடிந்தால் நாலு சண்டை. முதலாவது ஆறு ரவுண்டு, உங்களைவிட மெதுவான ஆள், பயங்கர குத்துக்காரர் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் நாக்கவுட் செய்யப் பார்க்காதீர்கள். ஆறு ரவுண்டும் ஆடிக் களைப்பு எந்த ரவுண்டில் வருகிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்து எடை இறக்குகிற வேலையே வேண்டாம். உடம்பில் நீர் குறைந்தால் அடியைத் தாங்கும் சக்தியும் குறையும், உங்கள் பிரிவில் அதற்கு அவசியமும் இல்லை.

கார்னரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள், எப்போது துண்டை வீசுவது என்று. தொடர்ந்து இரண்டு ரவுண்டு பதிலடி இல்லாமல் வாங்கினால், கால் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், ஸ்டூலில் கேட்கிற கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால். "நான் நல்லா இருக்கேன்" என்று நீங்கள் சொல்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 9: சண்டைக்கு மறுநாள்

ஜெயித்தாலும் தோற்றாலும் இந்த நாளைச் சண்டைக்கு முன்பே திட்டமிட்டு வையுங்கள். ஃப்யூரி சரிந்தது உச்சியில் நின்றபோது, அதை மறக்காதீர்கள். ஒன்பது பத்து மாதமாக ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேலை இருந்தது, திடீரென்று காலையில் எழுந்தால் செய்ய ஒன்றுமில்லை, வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் கையில் பாட்டில் இருக்கிறது. முதல் படியில் சேர்த்த அந்த மூன்று பேரில் ஒருவர் அன்று பக்கத்தில் இருக்கட்டும். டாக்டரைப் பார்த்துத் தலையையும் கையையும் காட்டுங்கள், மூளைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னால் நாலைந்து வாரம் குத்து எதுவும் வேண்டாம். மனநல ஆலோசனைக்கான அடுத்த தேதி அந்த வாரத்திலேயே இருக்கட்டும். உடம்பு வலித்தாலும் காலை நடைக்கு எழுந்துவிடுங்கள், மூன்றாவது படியில் நடந்த அதே தூரம், பேசிக்கொண்டே நடக்கிற அதே வேகம்.